சின்னப் பட்டிக்குள் அடைபட்ட பணம்: அர்ஜென்டினா, 2001

2001 டிசம்பர் 1, சனிக்கிழமை. அர்ஜென்டினாவின் பொருளாதார அமைச்சர் தொமிங்கோ கவாலோ ஓர் ஆணை கொண்டுவந்தார். எண் 1570. வங்கிக் கணக்கில் எவ்வளவு பணம் இருந்தாலும் இனி வாரத்துக்கு 250 பெசோவுக்கு மேல் ரொக்கமாக எடுக்க முடியாது. காசோலை எழுதலாம், அட்டையைக் காட்டிப் பொருள் வாங்கலாம். நோட்டாகக் கையில் கிடைக்காது. மக்கள் இதற்குக் 'கொர்ராலித்தோ' என்று பெயர் சொன்னார்கள். கொர்ரால் என்றால் ஆடுமாடு அடைக்கும் பட்டி. கொர்ராலித்தோ, சின்னப் பட்டி. தவழும் குழந்தை வெளியே போய்விடாமல் நடுவீட்டில் போடும் வேலியடைப்புக்கும் அங்கே அதுவே பெயர். சில வாரங்களில் நிரந்தர வைப்புகளும் முடக்கப்பட்டபோது அதற்குக் 'கொர்ராலோன்', பெரிய பட்டி, என்று பெயராயிற்று.

பொருளாதாரப் பாடமாக இதைப் பலர் எழுதிவிட்டார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பணத்தின் மேல் இருக்கும் நம்பிக்கை ஒரு நாட்டில் எல்லோருக்கும் ஒரே நாளில் போவதில்லை. வசதி உள்ளவர்களுக்கு அது முன்கூட்டியே போய்விடுகிறது; அதனாலேயே அவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள். நடுத்தரக் குடும்பம் கடைசி வரை நம்பிக்கொண்டிருந்து மாட்டிக்கொள்கிறது. வங்கிப் படியையே மிதிக்காத ஏழையை யாரும் நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்டதே இல்லை. ஆனால் அடி அவன் வயிற்றில் முதலில் விழுகிறது. அர்ஜென்டினாவில் இந்த மூன்று தரப்புக்கும் மூன்று விதமான பாட்டும் படமும் தெருப்பேச்சும் பிறந்தன. அவற்றைச் சேர்த்துப் படித்தால்தான் அந்த டிசம்பர் புரிகிறது.

நான் இதைப் படிக்கத் தொடங்கியது 2016 நவம்பரில். ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்த பிறகு வங்கி வாசலில் மணிக்கணக்கில் நின்ற நாட்கள் அவை. எங்கள் தெருவில் வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு அந்த மாதச் சம்பளம் பழைய ஐந்நூறு ரூபாய்த் தாள்களாகவே வந்தது. அதை மாற்ற அவர் இரண்டு நாள் வேலையை விட்டு வரிசையில் நின்றார். நோட்டு செல்லாமல் போனதற்கான விலையை யார் கட்டுகிறார்கள் என்ற கேள்வி அன்று மனத்தில் தைத்தது. அதே கேள்வி அர்ஜென்டினாவில் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே கேட்கப்பட்டிருந்தது.

ஒரு பெசோ, ஒரு டாலர்

கதை 1989இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு அர்ஜென்டினாவில் விலைவாசி 3,000 சதவீதத்துக்கும் மேல் ஏறியது. காலையில் பார்த்த விலை மாலையில் இல்லை. சம்பளம் வாங்கிய கையோடு கடைக்கு ஓடாதவர்கள் மறுநாள் பாதிப் பையோடு திரும்பினார்கள். 1990 ஜனவரியில், குடியரசுத் தலைவர் கார்லோஸ் மெனெம் ஆட்சியில், மக்களின் நிரந்தர வைப்புகளை அரசு எடுத்துக்கொண்டு பத்தாண்டு டாலர் பத்திரங்களைக் கையில் கொடுத்தது. ஆகவே 2001இல் நடந்தது முதல் ஏமாற்று அல்ல. வங்கியில் போட்ட பணம் ஒரு காலையில் காகிதமாக மாறும் என்பதை அந்தத் தலைமுறை ஏற்கெனவே கண்டிருந்தது.

அப்படி அடிபட்ட மக்களை மறுபடி நம்பவைக்கப் பெரிய சத்தியம் ஒன்று தேவைப்பட்டது. 1991 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றுச் சட்டம் அந்தச் சத்தியம். மறு ஆண்டு, பழைய நாணயமான ஆஸ்திரல் பத்தாயிரத்துக்கு ஒன்று என்ற கணக்கில், பெசோ புது நாணயமாக வந்தது. ஒரு பெசோ ஒரு டாலருக்குச் சமம். இந்தச் சமத்துக்குச் சட்டமே காவல். இதை வகுத்தவரும் கவாலோதான். விலைவாசி அடங்கியது. வெளிநாட்டுப் பயணம் மலிவாயிற்று, கடன் டாலரில் கிடைத்தது. அந்த ஆண்டுகளின் புதுப்பணத்தை அங்குள்ளவர்கள் 'பீட்சாவும் ஷாம்பேனும்' என்று குறிப்பிடுவார்கள். தெருக்கடைத் தீனியும் சீமான் வீட்டு மதுவும் ஒரே மேசையில்.

மேசைக்கு வெளியே இருந்தவர்களின் கணக்கு வேறு. விலை உயர்ந்த பெசோவோடு போட்டியிட முடியாமல் ஆலைகள் மூடின, அரசு நிறுவனங்கள் தனியாரிடம் போயின. 1995 மே மாதத்தில் வேலையின்மை 18 சதவீதத்தைத் தாண்டியது. ஏற்றத்தாழ்வை அளக்கும் கினிக் குறியீடு 1970களின் நடுவில் புவனெஸ் அயர்ஸ் வட்டாரத்தில் 0.36 அளவில் இருந்தது. 2002இல் அது 0.5ஐத் தாண்டியிருந்தது. ஒரு காலத்தில் லத்தீன் அமெரிக்காவிலேயே பெரிய நடுத்தர வர்க்கம் எங்களுடையது என்று பெருமைப்பட்ட நாடு அது. நகரின் வடக்கே திக்ரே, பிலார் பக்கங்களில் மதிலும் காவலும் போட்ட குடியிருப்புகள் எழுந்தன. அந்த மதில்களுக்கு எட்டும் தூரத்தில் தகரக் கூரைகள் பெருகின.

குடிசையிலிருந்து வந்த பாட்டு

திக்ரேவுக்குப் பக்கத்து ஊர் சான் ஃபெர்னாந்தோ. அங்கே லா எஸ்பெரான்சா என்ற ஏழைக் குடியிருப்பைச் சேர்ந்தவர் பாப்லோ லெஸ்கானோ. 'அமார் அசுல்' என்ற குழுவில் விசைப்பலகை வாசித்துக்கொண்டிருந்தவர். கொலம்பியாவிலிருந்து வந்த கும்பியா இசை அப்போது அர்ஜென்டினாவில் பளபளப்பான சட்டை போட்ட பாடகர்களின் காதல் பாட்டாக இருந்தது. 2000ஆம் ஆண்டில் லெஸ்கானோ 'தமாஸ் கிராதிஸ்' என்ற குழுவோடு வந்தார். அந்தப் பெயருக்கு 'பெண்களுக்கு இலவசம்' என்று பொருள்; புறநகர் ஆட்டக்கூட வாசல்களில் தொங்கும் பலகையிலிருந்து எடுத்தது. விசைப்பலகையைக் கிட்டார்போலத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் வாசித்த அந்த மூக்கொலி இன்றும் எங்கே கேட்டாலும் அடையாளம் தெரியும். இந்த வகைக்குக் 'கும்பியா வில்லேரா', அதாவது குடிசைப்பகுதிக் கும்பியா, என்று பெயர் வந்தது. 'திருட்டுப் பயல்கள்' என்றே ஒரு குழு தனக்குப் பெயர் வைத்துக்கொண்டது.

இந்தப் பாட்டுகளில் பாடுபட்டு முன்னேறிய கதை இல்லை, சேமிப்பு இல்லை, நாளைக்கு என்ற சொல்லே அரிது. போலீஸ், சிறை, மலிவுப் போதை, சனிக்கிழமை இரவு. பெண்களைப் பற்றி அவற்றில் பல பேசும் விதம் கேவலமானது, அதற்கு வறுமையைக் காரணம் காட்டி நான் சமாதானம் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு விஷயத்தில் அந்தப் பையன்கள் பொருளாதார அமைச்சரைவிட நேர்மையாக இருந்தார்கள். இந்தப் பெசோவுக்குள் தங்களுக்கு இடமில்லை என்பதை அவர்கள் மறைக்கவில்லை.

2001இல் ஒலிபரப்பைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு, கும்பியா வில்லேரா பாட்டுகளை எப்படி மதிப்பிட வேண்டும் என்று தனியாக ஒரு வழிகாட்டுக் குறிப்பே வெளியிட்டது. எந்தச் சொல் போதையைக் குறிக்கிறது, எந்த வரி குற்றத்தைப் புகழ்கிறது என்று தேடினார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் நாடாளுமன்றம் 25.466 என்ற எண்ணுள்ள சட்டத்தை நிறைவேற்றியது. வங்கி வைப்புகளை அரசு எந்த நிலையிலும் தொட முடியாது, நாணயத்தை மாற்ற முடியாது, திருப்பித் தரும் நாளைத் தள்ள முடியாது என்றது அந்தச் சட்டம். மூன்றே மாதத்தில் பட்டி அடைக்கப்பட்டது. அந்த ஆண்டு கூர்ந்து படித்துப் பார்க்கப்பட வேண்டியிருந்தது எந்த வரிகள் என்பதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

யார் முதலில் ஓடினார்கள்

2001 முழுவதும் வங்கிகளிலிருந்து பணம் வெளியேறியபடி இருந்தது. டிசம்பருக்குள் மொத்த வைப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டிருந்தது. பெரிய நிறுவனத்துக்கும் பெரிய குடும்பத்துக்கும் நியூயார்க்கிலோ மியாமியிலோ மோண்டெவிடியோவிலோ கணக்கு இருந்தது. அவர்களுக்கு எச்சரிக்கை சொல்ல ஆட்கள் இருந்தார்கள். பள்ளி ஆசிரியைக்கும் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியருக்கும் இருந்தது அந்த ஆகஸ்ட் சட்டம் மட்டும்தான்.

பட்டிக்குள் அகப்பட்டது அவர்கள் சேமிப்பு. ஆனால் முதல் பசி வேறிடத்தில் எழுந்தது. அர்ஜென்டினாவில் சம்பள வேலைக்காரர்களில் பத்தில் நான்கு பேர் அளவில் பதிவில்லாத வேலையில் இருந்தார்கள். வீட்டுவேலை செய்பவர், தோட்டம் வெட்டுபவர், கட்டட வேலையாள், தெருவில் விற்பவர் எல்லோரும் அன்றன்றைய நோட்டில் வாழ்ந்தவர்கள். வாரம் 250 பெசோ மட்டுமே எடுக்க முடிந்த நடுத்தரக் குடும்பம் முதலில் நிறுத்தியது இவர்களுக்குக் கொடுக்கும் கூலியை. வங்கியில் ஒரு காசும் போடாதவர்கள் வங்கி மூடியதால் பட்டினி கிடந்தார்கள். கொர்ராலித்தோ பற்றிய கதைகளில் மிகவும் குறைவாகச் சொல்லப்படும் பகுதி இதுதான் என்பேன்.

டிசம்பர் நடுவில் ரொசாரியோவிலும் புவனெஸ் அயர்ஸ் புறநகரிலும் மளிகைக் கடைகள் சூறையாடப்பட்டன. 19ஆம் தேதி இரவு குடியரசுத் தலைவர் ஃபெர்னாந்தோ தெ லா ருவா தொலைக்காட்சியில் தோன்றி நெருக்கடி நிலையை அறிவித்தார். பேச்சு முடியுமுன்னே நகரத்து மாடிகளில் பாத்திரம் தட்டும் சத்தம் எழுந்தது. குழம்புச் சட்டியும் கரண்டியுமாகக் குடும்பம் குடும்பமாக இறங்கி அரசு மாளிகை முன்னுள்ள மாயோ சதுக்கம் நோக்கி நடந்தார்கள். பகலில் சூறையாடியவர்களும் இரவில் பாத்திரம் தட்டியவர்களும் அதுவரை ஒருவரை ஒருவர் அஞ்சியவர்கள். 'எல்லோரும் தொலையட்டும்' என்ற ஒரே முழக்கத்தில் அந்த வாரம் சேர்ந்தார்கள். போலீஸ் சுட்டதிலும் கலவரத்திலும் நாடெங்கும் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 20ஆம் தேதி மாலை தெ லா ருவா பதவி விலகி, அரசு மாளிகைக் கூரையிலிருந்து ஹெலிகாப்டரில் பறந்தார். பதினைந்து நாளுக்குள் ஐந்து பேர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தார்கள்.

ஐந்தாமவர் எதுவார்தோ துவால்தே. 2002 புத்தாண்டு நாளில் நாடாளுமன்றத்தில் நின்று, பெசோ போட்டவருக்குப் பெசோ கிடைக்கும், டாலர் போட்டவருக்கு டாலர் கிடைக்கும் என்று வாக்குக் கொடுத்தார். ஐந்து வாரம்கூட அந்த வாக்கு தாங்கவில்லை. பிப்ரவரி 3ஆம் தேதி ஆணையின்படி வங்கியில் போட்ட ஒவ்வொரு டாலரும் 1.40 பெசோவாக மாற்றப்பட்டது. வங்கியில் வாங்கிய டாலர் கடன் ஒன்றுக்கு ஒன்று என்று பெசோவாயிற்று. ஜூன் இறுதியில் சந்தையில் டாலர் நான்கு பெசோவைத் தொடும் நிலை. கையால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 10,000 டாலர் வைத்திருந்த மூதாட்டிக்கு 14,000 பெசோ, அன்றைய விலையில் 3,700 டாலருக்கும் குறைவு. விலைவாசி ஏற்றத்துக்கு ஏற்பத் தொகை பின்னர் கூட்டப்படும் என்றார்கள், ஆனால் பணம் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனது. 10,000 டாலர் கடன் வாங்கியவர் கட்ட வேண்டியது 10,000 பெசோ, அதாவது 2,700 டாலருக்கும் கீழே. வீட்டுக்கடன் வாங்கிய சிறு குடும்பங்கள் இதனால் பிழைத்தன, அதை மறைக்கக் கூடாது. ஆனால் ஜனவரியில் சிறு கடன்களுக்கு என்று தொடங்கிய சலுகை பிப்ரவரியில் பல கோடிக் கடன் வைத்திருந்த நிறுவனங்களுக்கும் நீண்டது. வெளிநாட்டில் டாலரைப் பத்திரப்படுத்தியவர்கள் திரும்பி வந்து நிலத்தையும் வீட்டையும் பழைய விலையில் பாதிக்கும் கீழே வாங்கினார்கள். ஏற்றத்தாழ்வு அங்கே நெருக்கடியின் காரணமாக மட்டும் இருக்கவில்லை. நெருக்கடி முடியும்போது இன்னும் கொழுத்திருந்தது. 2002 அக்டோபரில் நகர மக்களில் 57.5 சதவீதம் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தார்கள்.

நான்கு பணம், நான்கு வர்க்கம்

அந்த ஆண்டு ஒரே தெருவில் நான்கு பணம் புழங்கியது. மேலே டாலர். அதன் கீழே பெசோ. அதற்கும் கீழே மாகாண அரசுகள் அச்சிட்ட சீட்டுகள்: புவனெஸ் அயர்ஸ் மாகாணத்தில் பத்தாக்கோன், கோர்தோபாவில் லெக்கோர், சாக்கோவில் கெப்ராச்சோ. ஆசிரியர்களும் செவிலியர்களும் சம்பளத்தை இந்தச் சீட்டில்தான் வாங்கினார்கள். உச்சத்தில் புழக்கத்தில் இருந்த பணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இவைதான். மெக்டொனால்ட்ஸ் கடையே 'பத்தாக்கோம்போ' என்று ஒரு சாப்பாட்டை ஐந்து பத்தாக்கோனுக்கு விற்றது. இந்தச் சீட்டு ஓடியதற்குக் காரணம் எளிது: அதைக் கொண்டு வரி கட்டலாம். ஆனால் பக்கத்து மாகாணத்துக்குப் போனால் மதிப்புக் குறையும்.

எல்லாவற்றுக்கும் அடியில் பண்டமாற்றுக் கூட்டங்களின் 'கிரெதித்தோ'. 1995 மே 1 அன்று, புவனெஸ் அயர்ஸுக்குத் தெற்கே பெர்னால் என்ற ஊரில் இருபது பேர் போலச் சேர்ந்து முதல் கூட்டத்தைத் தொடங்கினார்கள். ஒருவர் பீட்சா சுட்டுக் கொண்டுவருவார், இன்னொருவர் முடி வெட்டுவார், மூன்றாமவர் கம்பளி பின்னுவார். நடுவே அவர்களே அச்சிட்ட சீட்டு. 2002இல் நாடெங்கும் ஆயிரக்கணக்கான கூட்டங்கள். அமைப்பாளர்களின் கணக்கில் பங்கேற்றவர்கள் 25 இலட்சம். மூடிய ஆலைகளிலும் தேவாலயக் கொட்டகைகளிலும் மேசை போட்டு உட்கார்ந்தார்கள்.

அந்த ஆண்டு முடியுமுன் அது சரிந்தது. கள்ளச் சீட்டு ஒரு காரணம், அளவில்லாமல் அச்சிட்டது இன்னொன்று. என் மனம் நிற்பது மூன்றாவதில். மாவும் எண்ணெயும் சர்க்கரையும் வாங்கப் பெசோ வேண்டும். பெசோ கையில் உள்ளவர் மாவு மூட்டையோடு வந்தால் கூட்டமே அவரைச் சூழும். கூட்ட விலையை அவரே வைப்பார். ஒன்றும் இல்லாதவர் பழைய துணி கொண்டுவருவார்; மாலை வரை யாரும் தொட மாட்டார்கள். மேலே இருந்த அதே படிக்கட்டு உள்ளேயும் முளைத்துவிட்டது. அரசை விட்டுவிட்டு அண்டை வீட்டாரை நம்பினால் பணம் நல்லதாகிவிடும் என்று எண்ணியவர்கள் மனம் உடைந்து போனார்கள், அவர்கள் உழைப்பை நினைத்தால் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

ஏமாளிகளின் சினிமா

நடுத்தர வர்க்கம் தன் கதையைச் சினிமாவில் சொல்லிக்கொண்டது. 2000 ஆகஸ்டில், பட்டிக்குப் பதினைந்து மாதம் முன்பே, ஃபாபியான் பியேலின்ஸ்கி இயக்கிய 'ஒன்பது ராணிகள்' வெளிவந்தது. இரண்டு சில்லறை மோசடிக்காரர்கள் போலித் தபால்தலைத் தாள் ஒன்றை விற்க ஒரு பகல் முழுவதும் அலைகிறார்கள். தபால்தலை எந்த நாட்டுடையது தெரியுமா, வைமார் ஜெர்மனியுடையது. பணம் குப்பையாகிப் போன இன்னொரு நாடு. கடைசியில் பெரிய தொகைக்கான காசோலை கைக்கு வருகிறது. மாற்றப் போனால் வங்கி மூடிக்கிடக்கிறது, வாசலில் ஜனங்கள் கதவை முட்டுகிறார்கள். பின்னர் இதை முன்னறிவிப்பு என்று கொண்டாடினார்கள். பத்தாண்டுக்கு முன் பத்திரத்தைக் கையில் வாங்கி ஏமாந்த ஊரில் இதை அறிய ஞானதிருஷ்டி தேவையில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தப் படத்தில் மோசடிக்காரராக நடித்தவர் ரிக்கார்தோ தரீன். 2019இல் அதே தரீன் 'ஏமாளிகளின் பயணம்' என்ற படத்தில் மோசடிக்கு ஆளானவராக நடித்தார். சிற்றூர்க்காரர்கள் கூட்டுறவுக் கிடங்கு தொடங்கச் சேர்த்த டாலரை வங்கி மேலாளர் பேச்சைக் கேட்டுக் கணக்கில் போடுகிறார்கள். மறுநாள் பட்டி விழுகிறது. மேலாளருக்குத் தெரிந்திருந்தது. பதினெட்டு ஆண்டு கழித்து அந்தக் கதைக்குத் திரையரங்கு நிறைந்தது. மூலத்தில் ஏமாளி என்பதற்கு 'கில்' என்ற லுன்ஃபார்தோச் சொல் வருகிறது. புவனெஸ் அயர்ஸின் துறைமுகத் தெருக்களில், வந்தேறிகளின் வாயில் வளர்ந்த பேச்சு அது. அதில் 'கில்' என்றால் விதியை மதித்து நடப்பவன். எதிர்ச்சொல் 'விவோ', சாமர்த்தியக்காரன். நேர்மையாக நடந்தவனுக்கு வசைச்சொல்லே பெயராக ஒட்டிக்கொண்ட ஊரில், அந்தப் படம் அந்தச் சொல்லைப் பெருமையாகத் தூக்கிப் பிடித்தது.

திரைக்கு வெளியேயும் கலையும் பணமும் கலந்தே கிடந்தன. பணம் இழந்தவர்களின் போராட்டத்தை முன்னின்று நடத்தியவர் நீத்தோ அர்த்தாசா என்ற நகைச்சுவை நடிகர். வங்கிகளின் இரும்புத் தகடுகளை வயதானவர்கள் சுத்தியலாலும் பாத்திரத்தாலும் தட்டித் தட்டிப் பள்ளமாக்கினார்கள். வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீண்டு 2006 டிசம்பரில்தான் உச்ச நீதிமன்றத்தில் ஒரு முடிவுக்கு வந்தன.

அட்டையும் தலையும்

அதே நாட்களில் மாலை தோறும் ஹோசே லெயோன் சுவாரெஸ் புறநகரிலிருந்து இருக்கைகள் பிடுங்கப்பட்ட ரயில் ஒன்று நகரத்துக்குள் வரும். பெயர் வெள்ளை ரயில். அதில் தள்ளுவண்டிகளோடு வருபவர்கள் கார்த்தோனேரோக்கள், அட்டை பொறுக்குபவர்கள். பலர் நேற்று வரை ஆலைத் தொழிலாளிகள். குப்பை மூட்டைகளைப் பிரித்து அட்டையும் தாளும் எடுத்துக்கொண்டு நள்ளிரவில் திரும்புவார்கள். 2003இல் எழுத்தாளர் வாஷிங்டன் குக்குர்த்தோவும் நண்பர்களும் 'எலோயிசா கார்த்தோனேரா' என்ற பதிப்பகத்தைத் தொடங்கினார்கள். இவர்களிடம் சந்தை விலையைவிட அதிகம் கொடுத்து அட்டை வாங்கி, வெட்டி, ஒவ்வொன்றிலும் கையால் வண்ணம் தீட்டி, நூல்களுக்கு அதையே உறையாக்கினார்கள். ஒன்றைப்போல இன்னொன்று இருக்காது. பெருவிலும் பொலிவியாவிலும் மெக்சிகோவிலும் அதைப் பார்த்து வேறு அட்டைப் பதிப்பகங்கள் முளைத்தன. இந்த நிகழ்வில் எனக்குத் தலைநிமிர்ந்து நிற்பதாகத் தெரியும் ஒரே காகிதம் அதுதான்.

பணக் காகிதம் நிமிரவில்லை. பெரிய பட்டியில் முடங்கிய நிரந்தர வைப்புக்குப் பதில் அரசுப் பத்திரம் ஏற்றவர்களுக்கு 2012 ஆகஸ்டில் கடைசித் தவணை டாலரில் வந்தது, உண்மைதான். ஆனால் பழக்கம் மாறிப்போயிருந்தது. சேமிப்பு என்றால் டாலர், அதுவும் நோட்டாக, மெத்தைக்கு அடியில். நம் வீட்டில் பீரோவுக்குள் இருக்கும் நகைப் பெட்டியின் இடம் அது. வீடு விற்பனை இன்றும் டாலரில் பேசப்பட்டு, நோட்டுக் கட்டுகளாகவே எண்ணி முடிகிறது. வங்கி அமைப்புக்கு வெளியே அர்ஜென்டினர்கள் வைத்திருக்கும் டாலர் 20,000 கோடிக்கும் மேல் என்பது அந்நாட்டுப் புள்ளியியல் அமைப்பின் மதிப்பீடு. 2023இல் விலைவாசி மறுபடி 211 சதவீதம் ஏறியது. அந்த ஆண்டுத் தேர்தலில் டாலரையே நாட்டின் பணமாக்குவேன் என்று முழங்கிய ஹாவியேர் மிலேயின் கூட்டங்களில், அவர் முகம் அச்சிட்ட ஆளுயர நூறு டாலர் நோட்டுகளை இளைஞர்கள் தூக்கி ஆட்டினார்கள். அவர் வென்றார்.

புவனெஸ் அயர்ஸின் ஃப்ளோரிதா தெருவில் 'மாற்று, மாற்று' என்று கூவிக்கொண்டு நாளெல்லாம் நிற்பவர்களுக்கு 'அர்போலித்தோ' என்று பெயர், சின்ன மரம். நின்ற இடத்தில் பச்சை இலையோடு நிற்பதால். அவர்கள் நூறு டாலர் நோட்டை வாங்கியதும் முதலில் பார்ப்பது பெஞ்சமின் பிராங்க்ளினின் தலையை. பழைய அச்சில் தலை சின்னது, 1996க்குப் பிறகு வந்ததில் பெரியது. இரண்டும் அமெரிக்காவில் ஒரே மதிப்பு. ஃப்ளோரிதா தெருவில் சின்னத் தலைக்கு விலை குறைவு. நோட்டை வெளிச்சத்தில் பிடித்து, விரலால் தடவி, மடிப்பு இருக்கிறதா, ஓரம் கிழிந்திருக்கிறதா என்று திருப்பிப் பார்த்துவிட்டு, சின்னத் தலை என்றால் அந்த ஆள் உதட்டைப் பிதுக்கித் திருப்பிக் கொடுப்பார்.